பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்தவர்

திங்கட்கிழமை காலை விதானையார் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டு நின்றபோதுதான் அவருடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, விடியப்புறம் அப்பா போயிட்டார்." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். அன்றைக்குத்தான் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாக இருந்தது. அதற்காக முதலில் அம்மாவும் பிறகு நானுமாக முப்பது வருடம் நடந்திருக்கிறோம்.

துறைமுகத்தடியில் எங்கள் கிராம அலுவலர் கதிர்காமத்தம்பி விதானையாரைத் தெரியாதவர்கள் இல்லை. போர்க்காலத்தில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் அவருடைய முத்திரை நமக்குத் தேவைப்படவில்லை. டோர்ச் பற்றரி வாங்க, கடலுக்குப் போக, வீட்டில் விருந்தாளியைத் தங்க வைக்க, எல்லாவற்றுக்கும் அவர்தான். முத்திரையைச் சவர்க்காரப் பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். கிண்ணியாத் துறையில் படகேற வரிசை நீண்டால், முன்னால் நிற்பவரின் முதுகில் தாளை வைத்துக் குத்தித் தருவார். "எழுதினாத்தான் ஆள். எழுதாட்டி நீங்கள் வெறுங் காத்து" என்பார். நாமும் சிரித்தோம்.

ஒவ்வொரு வீட்டுக் கதவின் பின்னாலும் அவர் ஒப்பமிட்ட குடும்பப் பட்டியல் ஒட்டியிருக்கும். காலையில் சோதனைக்கு வரும் ஆமிக்காரர்கள் அதைப் பார்த்துத் தலைகளை எண்ணுவார்கள். எங்கள் பட்டியலில் ஐந்து பேர். தம்பி ரவி இயக்கத்துக்குப் போன பிறகு நான்கு தலைகள்தான் இருந்தன. குறைந்த தலைக்காக அப்பாவைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் வலக்கை விரல்கள் முறிந்து திரும்பி வந்தார். அம்மா விதானையாரிடம் ஓடினார். "பெடியன்ர பேரை எடுத்து விடுங்கோ ஐயா."

வெளிநாடு போனான் என்று எழுதக் கடவுச்சீட்டு வேண்டும். செத்தான் என்று எழுத உடல் வேண்டும். கடலில் போனவனுக்கு அதுவும் வேண்டாம். கொட்டியாரக் குடாவில் மூழ்கினான் என்று எழுதி, முத்திரை குத்தி, பெயரை எடுத்தார். ஊர் நம்ப வேண்டுமே என்று அந்தியேட்டிக் கிரியையும் செய்யச் சொன்னார். உயிரோடு இருந்த மகனுக்கு, முறிந்த விரல்களால் அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அம்மாவுக்கு அழுகை வரவில்லை. "அழுங்கோ தங்கச்சி, சனம் பாக்குது" என்று விதானையார் மெதுவாகச் சொன்னார். பிறகு பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தரமும் வடை கேட்டு வாங்கினார். அதன்பின் எண்ணிக்கை சரியாக வந்தது. அம்மா அவரைக் கண்ட இடமெல்லாம் கும்பிட்டார்.

இரண்டு வருடத்தில் தம்பி இயக்கத்தை விட்டு ஓடி வந்தான். செத்தவனைத் திரும்பப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. அவன் வந்த ஐந்தாம் நாள் காலை எண்ணியபோது ஒரு தலை கூடியிருந்தது. பெயரைக் கேட்டார்கள், சொன்னான். "அவன் செத்துப்போனான். நீ யார்?" என்றார்கள். கொண்டுபோனார்கள். செத்தவனை நாங்கள் எப்படிப் பிடிப்பது என்று முகாம் வாசலில் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவன் உயிரோடுதான் இருந்தான் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லி அம்மா விதானையாரின் காலில் விழுந்தார். "ஏலாது தங்கச்சி. பொய் எழுதினனான் எண்டு நானே எப்பிடி எழுதுறது? எனக்கும் பிள்ளையள் இருக்கு." போர் முடிந்து, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோதும் எழுதவில்லை. அப்போது ஓய்வூதியம் போய்விடும் என்று பயந்தார். அம்மா கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

போன வெள்ளிக்கிழமை என்னவோ மனமிரங்கினார். சாய்கதிரையில் கிடந்தபடி, "கை நடுங்குது பிள்ளை. திங்கள் வாங்கோ, வடிவா எழுதித் தாறன்" என்றார். எழுத்து வடிவாக இருக்க வேண்டுமாம்.

செத்தவீட்டில் மகள் மரணப் பதிவுப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்கள் ரீச்சர்தானே அக்கா, நிரப்பித் தாங்கோ." நிரப்பிக் கொடுத்தேன். இந்த முறை உடல் இருந்தது.

அவரை அறிந்தவர்களே, எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றினார் என்று நீங்கள் சொல்வீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் அவரோடு எரிந்து போகவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது ஒரு தாள். தம்பியின் பிறப்புச் சான்றிதழும் படங்களும் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டன. அவன் பெயர் எழுதியிருக்கும் வேறு எதுவும் என்னிடம் இல்லை. அவன் கடலில் மூழ்கி இறந்தான் என்று அதில் வடிவான எழுத்தில் இருக்கிறது. கிழித்துப் போட எத்தனையோ தரம் கையில் எடுத்திருக்கிறேன். கிழித்தால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும்.