மேலிருந்து விழுந்த கவர்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மேற்குத் தாம்பரத்தின் பழைய தெருக்களில் நடப்பது என் வழக்கம். எந்தச் சந்து எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பதில் ஓர் ஆசை. போன மாதம் இரண்டு வரிசை வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே, ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து ஒன்றைப் பார்த்தேன். துருப்பிடித்த கேட் பாதி திறந்திருந்தது. நுழைந்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் சுவரின் அடியில், செங்கல் வைத்து அடைத்த சின்னச் சின்னச் சதுரங்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மனிதர்கள் குனிந்து மலம் அள்ளிய ஓட்டைகள் அவை. இப்போது அங்கே டயப்பர், மீன் செதில், தலைமுடிச் சுருள், ஏசித் தண்ணீரில் வழுக்கும் பாசி. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தபோது, மேலேயிருந்து கறுப்புக் கவர் ஒன்று என் தோளில் விழுந்து கிழிந்தது.

இறால் தோல். எத்தனை நாள் பழையதோ. அதன் சாறு கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பச்சை பெயின்ட் அடித்த பால்கனி. சுற்றிக்கொண்டு முன்தெருவுக்குப் போய், அதே பச்சை வீட்டின் பெல்லை அடித்தேன். வாசல் அப்போதுதான் கழுவிவிட்டதுபோல் பளபளத்தது. ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என்று போர்டு வேறு.

என் வயதுப் பெண் ஒருவர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“ஐயோ, உங்க மேலயா விழுந்துச்சு? சாரி மேடம். ஏதோ சத்தம் கேட்டுது, க்ளீன் பண்றவங்கன்னு நெனச்சிட்டேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருக்கவே மாட்டேன்.”

“அவங்க மேல விழுந்தா பரவாயில்லையா?”

“அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே மேடம்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகச் சொன்னார். உள்ளே ஓடிப்போய் ஒரு துண்டும் உறை பிரிக்காத சோப்பும் கொண்டுவந்தார்.  வாங்க நான் கையை நீட்டவில்லை.

“ஒரு தடவை கீழ வந்து அந்தச் சந்தைப் பாருங்க” என்றேன்.

“ஐயே, அங்கெல்லாம் எப்படிப் போறது? நாத்தம் தாங்காது” என்று முகத்தைச் சுளித்தார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சுடிதாரைக் குப்பையில் தூக்கிப் போடத்தான் நினைத்தேன். ஆனால் காலையில் குப்பை வண்டியோடு வரும் அக்கா அதைக் கையால் பிரித்துப் பார்ப்பாரே. சோப்புத்தூளில் ஊறவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு துவைத்தேன்.