வீட்டுக்காரர் வந்து போகும்வரை

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துப் பிழை இருக்கும். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்கும் சொல்லிவிடுவேன். மறதியும் வந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் கோபிக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மொன்றியலுக்கு வந்த முதல் வருடத்து இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மகள் ஸ்பொன்சர் பண்ணி என்னை எடுத்திருந்தாள். அவளும் மருமகனும் வில்லரே என்ற பகுதியில், மூன்றாம் மாடியில், ஒரு 'மூன்றரை'யில் இருந்தார்கள். இந்த ஊரில் வீட்டை அறைக் கணக்கில்தான் சொல்வார்கள். குளியலறைதான் அந்த அரை. வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் மட்டும் இருந்தது. வீடு தரும்போதே வீட்டுக்காரர், இரண்டு பேர், அதற்கு மேல் ஒருவரும் இல்லை என்று விரலைக் காட்டிச் சொன்னாராம். கீழ்மாடியில் இருந்த ஒரு குடும்பம் தம்பிமாரைக் கூட்டி வந்து வைத்ததால் குளிருக்குள் வீட்டைவிட்டு எழும்ப வேண்டி வந்தது என்று ஒரு கதையும் இருந்தது. உண்மையோ பொய்யோ நான் அறியேன். ஆனால் நாங்கள் அதை நம்பினோம்.

"அம்மாவின்ரை பேரையும் பேந்து சேர்ப்பம்" என்றாள் மகள். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவே இல்லை. ஆகவே கடதாசிப்படி நான் அந்த வீட்டில் இல்லாத ஆள். வீட்டுக்காரர் என்னைக் கண்டால், பனி விழுவதற்கு முன் மூன்று பேரும் தெருவில். இதுதான் என் பயம். சோறு தின்னும்போதும் இருந்தது, படுக்கும்போதும் இருந்தது.

கோடையில் அவர் பெரிதாக வரவில்லை. ஒக்டோபர் பிறந்ததும் தொடங்கிவிட்டார். ஹீற்றர் குழாய்களுக்குள் இருக்கும் காற்றைத் திறந்துவிட வேண்டும், யன்னல்களுக்கு இரண்டாவது கண்ணாடி போட வேண்டும். ஆறு வீடுகள். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் குறடு, சுத்தியல் வைத்த ஆயுதப் பெட்டியோடு வருவார். எந்த நேரம் எந்தக் கதவைத் தட்டுவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் மகள் தையல் பாக்டரிக்குப் புறப்படும் அவசரத்தில் சொன்னாள்.

"அம்மா, அந்தாள் பத்து மணிக்கு வாறாராம். ரெண்டு மணி வரைக்கும் வெளியிலை நிண்டிட்டு வாங்கோ."

"வெளியிலை எங்கை பிள்ளை நிக்கிறது?"

"பார்க்கிலை. இந்த ஊர்க் கிழவியள் எல்லாரும் அங்கைதானே இருக்கினம்."

"அவையின்ரை வீட்டுக்கும் வீட்டுக்காரன் வந்திட்டானோ?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மருமகன் இரவில் பாண் போடும் பேக்கரியில் வேலை. பகலில் நித்திரை. அவர்தான் வீட்டுக்காரருக்குக் கதவு திறப்பார். வீட்டுக்காரர் உள்ளே இருக்கும் நேரம் சமைக்கிற குசினி யன்னலின் திரைச்சீலை மூடியிருக்கும், போனதும் மருமகன் அதைத் திறந்துவிடுவார். நான் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைப் பாதையால் வந்து அண்ணாந்து பார்த்து, திறந்திருந்தால் பின்படிக்கட்டால் ஏறலாம். இது எங்கள் ஏற்பாடு. அந்தத் தம்பியோடு நான் முகம் பார்த்துக் கதைப்பதே குறைவு. மருமகன் அல்லவா. கதவு மறைவில் நின்று இரண்டு சொல் சொல்வேன். இந்த ஏற்பாட்டையும் மகள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொல்லித் தந்தாள்.

வெளிக்கிட முன் என்னை அந்த வீட்டிலிருந்து நானே அழிக்க வேண்டும். மெத்தையைச் சுருட்டிச் சோபாவின் பின்னால் வைப்பேன். மூன்று கோப்பைகளில் ஒன்றைத் துடைத்து உள்ளே வைப்பேன். என் செருப்பு, பல்லுத் துலக்கும் பிரஷ், திருநீற்று டப்பா, நல்லெண்ணெய்ப் போத்தல், சீப்பில் இருக்கும் நரை மயிர், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுப்பேன். பிறகு மருமகனின் பழைய ஜாக்கெட்டைச் சேலைக்கு மேல் போட்டு, காலுக்கு இரண்டு சொக்ஸ் போட்டு இறங்குவேன்.

ஜாக்கெட் பொக்கற்றுக்குள் மகள் விலாசம் எழுதிய துண்டு ஒன்று வைத்திருந்தாள். "வழி தவறினால் ஆரிட்டையும் காட்டுங்கோ." எனக்கு அந்தத் துண்டே பெரிய பயம். காட்டினால் பொலிஸ் பிடித்து நேரே அந்த வாசலுக்குத்தானே கொண்டுவந்து விடும்? வீட்டுக்காரரே கதவைத் திறப்பார். அதனால் வழி தவறக்கூடாது என்று நான்கு தெருவுக்கு மேல் நான் போனதே இல்லை. அந்த நான்கு தெருவுக்குள்தான் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு பயத்துக்குள்ளும் அந்த நான்கு தெருவிலும் எனக்குச் சந்தோசம் வந்தது. நடுங்கிக்கொண்டு நிற்கிற மனிசிக்கு என்ன சந்தோசம் என்று என்னையே ஏசியிருக்கிறேன்.

மூலையில் உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்று. அதன் பக்கச் சுவரில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் மெஷின் சூட்டுக் காற்றைத் துப்பும். சவர்க்கார மணத்தோடு வரும். கையை நீட்டிக்கொண்டு நிற்பேன், விறைத்த விரல் மடங்கத் தொடங்கும். யாராவது வந்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல் நடிப்பேன்.

அடுத்த தெருவில் ஒரு மேப்பிள் மரம். முழு மரமும் சிவந்துவிட்டது, தெரு விளக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கொப்பு மட்டும் பச்சையாகவே நின்றது. விளக்கைச் சூரியன் என்று நினைத்ததோ என்னவோ. ஒவ்வொரு முறையும் அந்தக் கொப்பைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். இன்னும் விழவில்லை என்றால் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி.

காய்ந்த இலைகளுக்குள் நடந்தால் அப்பளம் நொறுக்குவது போல் சத்தம் வரும். முதலில் சத்தம் வராமல் ஓரத்தால் நடந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று. பிறகு ஆளில்லாத ஒழுங்கையில் ஒருநாள் வேண்டுமென்றே நடுவால் போனேன். முடிந்ததும் திரும்பி வந்து மறுபடியும் போனேன். அறுபத்தைந்து வயதில்.

சனிக்கிழமைகளில் பின் ஒழுங்கையில் ஒரு வீட்டார் பெரிய சிவப்பு மிளகாய்களை, உறைக்காத வகை, கூடை கூடையாக வாங்கி வந்து நெருப்பில் சுடுவார்கள். தோல் கருகும் மணம் வரும்போது என் வாயூறும். கராஜ் வாசலில் வைன் வடிக்கிறதுக்கு முந்திரிகைப் பழப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், குளவி சுற்றும். நான் ஒன்றையும் தொட்டதில்லை. மணம் பிடிப்பதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாதுதானே.

பார்க்கில் ஒரு கிழவி வருவா. கறுப்பு உடுப்பு, கறுப்புத் துண்டு தலையில். என் பக்கத்தில் இருந்து, "ஃபுருவா" என்பா. குளிர் என்று அர்த்தம். நானும் "ஃபுருவா" என்பேன். எங்களுக்குள் இருந்த பாஷை அவ்வளவுதான். ஒருநாள் பொக்கற்றுக்குள்ளிருந்து ஏதோ எடுத்து என் கையில் வைத்தா. சுட்ட கொட்டை, வெடித்தது, பலாக்கொட்டை சுட்டது போல, சுடச்சுட. வாங்கினால் எங்கே வீடு என்று கேட்டுவிடுவாவோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தின்னாமல் அதன் சூடு ஆறும்வரை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். அதற்குள்ளும் என் கண் தெரு முனையில்தான். எந்த ஆம்பிளை பெட்டியோடு வந்தாலும் அவர்தானோ என்று பெஞ்சை விட்டு எழும்பிவிடுவேன். அவரை நான் அதுவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. கோடையில் ஒருமுறை உடுப்பு அலுமாரிக்குள் நின்று அவருடைய இருமலை மட்டும் கேட்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில் அந்த நாள் வந்தது. மழையும் அல்ல, பனியும் அல்ல, இரண்டும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. கறுப்புத் துண்டுக் கிழவி வரவில்லை. பார்க் பெஞ்ச் எல்லாம் ஈரம். இரண்டு மணிக்கு ஒழுங்கைக்கு வந்து பார்த்தேன், திரைச்சீலை மூடியிருந்தது. தோய்க்கும் கடைச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தேன். மூடியே இருந்தது. மூன்று மணியும் ஆகிவிட்டது.

இதை எழுதலாமோ தெரியவில்லை, ஆனால் எழுதாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளங்காது. எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்து அடக்கியது. குளிர் வேறு. டெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் கேட்கலாம், ஆனால் அதற்கு என்ன சொல் என்று தெரியாது. கையால் காட்டிக் கேட்கிற விசயமா அது? ஒழுங்கைச் சுவரோடு நின்று கடவுளே கடவுளே என்றேன். மூன்று பேருடைய வீடு ஒரு பக்கம், என்னுடைய மானம் ஒரு பக்கம். பிள்ளைகளின் வீட்டுக்காக இன்னும் பத்து நிமிடம் நிற்போம் என்று நின்றேன். பிறகு இன்னும் ஐந்து. அதற்கு மேல் முடியவில்லை.

பின்படிக்கட்டால் ஏறினேன். ஒவ்வொரு படியிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குசினிக் கதவை விரல் நுனியால் தட்டினேன். மருமகன் திறக்கட்டும் என்று வேண்டினேன்.

திறந்தது வீட்டுக்காரர். குறடு ஒரு கையில். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மீசை நரைத்த, வயிறு பெருத்த ஆள். அவர் வாய் திறப்பதற்கு முன் நான் குனிந்து அவருடைய கைக்குக் கீழால் புகுந்து நேரே குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டேன்.

போன காரியம் முடிந்தது. ஆனால் நான் வெளியே வரவில்லை. தொட்டியின் விளிம்பில் இருந்து சேலைக் கரையைப் பிழிந்தேன். வெளியே இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கதைப்பது கேட்டது. கனநேரம் கதைத்தார்கள். பிறகு மருமகன் மெல்லத் தட்டினார்.

"மாமி, வெளியிலை வாங்கோ."

"அவர் போயிட்டாரோ?"

"இல்லை. உங்களைத்தான் கேக்கிறார்."

"நான் இல்லை எண்டு சொல்லுங்கோ தம்பி."

"மாமி, நீங்கள் உள்ளுக்குப் போனதை அவர் கண்டவர்."

நனைந்த ஜாக்கெட்டோடு வெளியே வந்து சுவரோடு ஒட்டி நின்றேன். மருமகன் முகம் வெளிறியிருந்தது. "மாமி விசிற்றிங் வந்தவா எண்டு சொன்னனான்" என்றார். வீட்டுக்காரர் குசினித் திரைச்சீலையை விலக்கி வெளியே கையைக் காட்டினார். எங்கள் பல்கனியிலிருந்து ஒழுங்கைக்குக் குறுக்கே உடுப்புக் கொடி போகிறது. அதில் என்னுடைய மண்ணிறச் சேலை, எடுக்க மறந்தது, முழு நீளத்துக்கும் தொங்கி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"அந்த நீளத் துணி மே மாசத்திலை இருந்து ஒவ்வொரு கிழமையும் காயுதாம்" என்று மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன்ரை மனிசி காற்சட்டை போடுறவள், அப்ப அது ஆரின்ரை எண்டு கேக்கிறார்."

சீப்பில் இருந்த மயிரைக்கூட எடுத்த நான், ஆறு முழம் அல்ல, ஆறு யார் நீளச் சேலையை ஊருக்கே தெரியும்படி விரித்துக் காயவிட்டிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆறு மாதம்.

அவர் என்னவோ சொன்னார். ஒப்பந்தக் கடதாசி வசந்தத்தில் புதிதாக எழுதும்போது பார்ப்போம் என்றாராம். "அதுவரைக்கும்?" என்று மருமகன் கேட்டார். அதற்கு அவர் தோளைக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, ஹீற்றரைத் தொடு என்று கையால் காட்டினார். தொட்டேன். சுட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பின்னேரம் மகள் வந்ததும் முதல் கேள்வி, "தோளைக் குலுக்கினவரோ? எப்பிடிக் குலுக்கினவர்?"

மருமகன் குலுக்கிக் காட்டினார்.

"இப்பிடியெண்டால் பரவாயில்லை. இருக்கட்டும் எண்ட மாதிரி."

"இல்லைப் பிள்ளை, அவ்வளவு மெல்ல இல்லை" என்று நானும் குலுக்கிக் காட்டினேன். மருமகனுக்கு முன்னால் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ அம்மா, அப்பிடியெண்டால் எழும்பு எண்டெல்லோ அர்த்தம்!"

மூன்று பேரும் மாறி மாறித் தோளைக் குலுக்கிக்கொண்டு குசினியில் நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தத் தோள் எங்கள் தலைக்கு மேல் தொங்கியது. படியில் காலடி கேட்டால் மூன்று பேரும் சாப்பாட்டை நிறுத்துவோம்.

வசந்தத்தில் அவர் கடதாசி கொண்டு வந்தார். மூன்றாவது பெயருக்கு ஒரு கோடு அதில் இருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்தில், தமிழில், கையெழுத்து வைத்தேன். அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டு போனார். வாசிக்கிறவர்கள் ஏங்கக் கூடாது என்று இதை இங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் நான் எழுத நினைத்தது வசந்தத்தை அல்ல.

பிடிபட்டு இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலை. மழை விட்டிருந்தது. பத்து மணிக்கு நான் சொக்ஸ் போட்டு ஜாக்கெட்டையும் எடுத்தேன். மருமகன் படுக்கப் போகும் வழியில் நின்றார்.

"மாமி, எங்கை வெளிக்கிடுறியள்? இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. இனி நீங்கள் போகத் தேவையில்லை."

"தெரியும் தம்பி. சும்மா ஒருக்காப் போயிட்டு வாறன்."

கதவு மறைவில் நிற்காமல் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முன்படிக்கட்டால் இறங்கினேன். யாராவது யன்னலால் பார்க்கிறார்களோ என்று முதுகு கூசியது. என்றாலும் திரும்பி ஏறவில்லை. பார்க் வரைக்கும் போய், துடைக்காமலே ஈர பெஞ்சில் இருந்தேன். ஒருவரும் என்னை அனுப்பவில்லை என்று நினைக்க நினைக்க நெஞ்சு அடித்தது. அது முழுக்கப் பயம் இல்லை.

எனக்கு ஞாபகம் இவ்வளவுதான். யன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி போட்டது ஒக்டோபரா நவம்பரா, வீட்டுக்காரர் கடதாசி கொண்டு வந்தது அடுத்த வசந்தமா அதற்கும் அடுத்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பச்சைக் கொப்பு நின்ற மரம் எந்தத் தெரு என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகளும் மருமகனும் இதை ஒருமுறை வாசித்து, பிழை இருந்தால் திருத்திவிட வேண்டும். தோள் குலுக்கியது எப்படி என்பதையும் மருமகனிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். நான் கூட்டிச் சொல்லிவிட்டேனோ தெரியவில்லை.