மாணவி வரைந்த கதவு

எங்கள் மரப்பட்டறையில் அவளை எல்லோரும் மாணவி என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி கழுத்தில் மாணவர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால் யார்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்? எனக்கு மட்டும் அவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் நின்று அலமாரிக் கதவுகளுக்கு ஓரப்பட்டை ஒட்டி ஒட்டியே நாங்கள் அக்கா தங்கை ஆனோம்.

அவள் புருஷன் அதே பட்டறையில் பெரிய அறுப்பு மெஷினில் வேலை செய்தார். மெஷின்காரர் என்றால் ஊருக்கே தெரியும். அவர் பலகையை ஓட்டினால் மயிரிழை பிசகாது. வெளியாட்களிடம் தலை நிமிர்ந்துகூடப் பேசமாட்டார். வீட்டில் கைதான் பேசும். அக்கா கன்னம் வீங்கி வருவாள், உதடு கிழிந்து வருவாள். கேட்டால், "அலமாரி இடிச்சிடுச்சு" என்பாள். உலகத்திலேயே அவள் வீட்டு அலமாரிக்கு மட்டும்தான் கை கால் முளைத்திருந்தது. கல்லானாலும் கணவன் என்பார்கள். கல் எழுந்து வந்து அடிக்காது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

பட்டறை மாடியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற ஆள் வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று தெரிந்ததும், முதலாளி எங்களைக் கூப்பிட்டு, உங்களில் யாராவது படித்துச் சான்றிதழ் வாங்கினால் அந்த வேலை உங்களுக்குத்தான் என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அக்கா சாயங்கால வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் மட்டும் வரைந்தால் போதாது, வீட்டில் பழக வேண்டும் என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். அதற்குப் பிறகுதான் மென்பொருள். அதன் முழு விலையைக் கேட்டால் மயக்கம் வரும். படிக்கிறவர்களுக்கு மட்டும் மலிவு விலை.

அதை ஏற்ற, கம்ப்யூட்டரின் கறுப்புப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன்.

"ஸ்டூடன்ட் யாரும்மா? பொண்ணா, பையனா?" என்றார் கடைக்காரர்.

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அட்டையைச் சரிபார்த்து, ஏதேதோ தட்டி, ஏற்றிக் கொடுத்தார். "இது படிப்புக்கு மட்டும்தாம்மா. இதை வச்சுத் தொழில் பண்ணக்கூடாது. அதோட, இந்த ஒரு பெட்டியிலதான் ஓடும். வேற கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது. பெட்டிய மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க."

அக்கா அந்தக் கறுப்புப் பெட்டியைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். "இந்த வேலை கிடைச்சுதுன்னா தனியா ஒரு வீடு பாத்துக்குவேன்டி" என்றாள் வழியில். அதுவரை அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு காலை, அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரையில் ஒரு நாற்காலியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பின்னால் மெஷின்காரர் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. மாடி வேலை விஷயம் அன்று காலைதான் யாரோ சொல்லி அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"அப்போ நீ மேல உக்காந்து கோடு போடுவ. பொண்டாட்டி போட்ட கோட்டுல நான் கீழ நின்னு அறுக்கணும். அப்படித்தானே?"

"அப்படியெல்லாம் இல்லைங்க..."

முதல் அறையிலேயே அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். விழுந்தவளை இடுப்பில் மிதித்தார். நான் குறுக்கே விழுந்தேன். என்னைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி மிதித்தார். பிறகு சுவரோரம் கிடந்த மரச்சுத்தியை எடுத்தார். அக்கா தலையை மூடிக்கொண்டாள். அவர் குறி அவள் தலை இல்லை. திரையில் ஒரே போடு. நாற்காலிப் படம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. கண்ணாடி கொட்டுகிறவரை அடித்தார். தட்டச்சுப் பலகையைச் சுவரில் எறிந்தார். எழுத்துக் கட்டைகள் பல்லைப் போலச் சிதறின.

"முடிஞ்சுது உன் படிப்பு" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. திரைதான் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். மேசைக்கு அடியில் கறுப்புப் பெட்டி பச்சை விளக்கோடு நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது. அவர் உடைத்துக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறக்கப் போன உடனேயே அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கியிருந்தாள். அவள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

உடைந்த பல்லைத் துப்பிவிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். நான் வயரைப் பிடுங்கப் போனேன். "பிடுங்காதடி, கெட்டுப்போயிடும்" என்று பொத்தானை மெல்ல அமுக்கி, விளக்கு அணைகிறவரை காத்திருந்தாள். பிறகு துணிக்கூடையில் பெட்டியை வைத்து, மேலே அழுக்குத் துணிகளைப் பரப்பி, இரண்டு பேரும் கூடையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம். துவைக்கப் போகிறோம் என்றே தெருவில் நினைத்திருப்பார்கள்.

என் வீடு மாடியில் இரண்டே அறை. நான் தனிக்கட்டை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், உங்கள் வீட்டு அலமாரிகளைப் பார்த்த பிறகுமா என்பேன். கீழ்வீட்டில் தட்டச்சுப் பலகையும் மௌசும் இரவல் வாங்கி, பெட்டியை என் டிவியோடு இணைத்தோம். நாற்காலி அப்படியே வந்து நின்றது. அடி வாங்கியபோது அழாதவள் அந்த நாற்காலியைப் பார்த்து அழுதாள்.

அக்கா என்னோடே தங்கிவிட்டாள். அந்த வாரமே அவர் வந்தார். இதுவரை அவர், இவர் என்று எழுதிவிட்டேன். இனி என்னால் முடியாது. அவன் வந்தான். என் கதவு மெலிந்த ஒட்டுப்பலகை. இரண்டு உதையில் பிளந்தது. அக்காவின் தலைமுடியைக் கையில் சுற்றி வாசல்வரை தரதரவென்று இழுத்தான். நான் இஸ்திரிப் பெட்டியால் அவன் காதோடு சேர்த்து ஒன்று வைத்தேன். இரத்தம் வந்தது. சொல்லக்கூடாதுதான், சந்தோஷமாக இருந்தது. அவன் திருப்பி அடித்ததில் என் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது. கீழ்வீட்டு ஆட்கள் ஓடிவந்ததால் உயிர் பிழைத்தோம்.

புகார் கொடுத்தோம். குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முதலாளியிடம் போனோம். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார். "நீ கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. அவன் இல்லேன்னா மெஷின் நின்னுடும்." அடி வாங்கியவளுக்கு விடுப்பு, அடித்தவனுக்கு வேலை.

வகுப்பில் கடைசித் தேர்வு வந்தது. ஏதாவது ஒரு பொருளை வரைந்து, அதைப் பட்டறையில் செய்ய வைத்து, இருக்க வேண்டிய இடத்தில் பொருத்திக் காட்ட வேண்டும். அழகாக ஒரு புத்தக அலமாரி போடுக்கா என்றேன்.

"கதவு" என்றாள். "உன் கதவு."

உடைந்த கதவின் நிலைச்சட்டத்தை அளந்தாள். நல்ல கனமான பலகை, குறுக்கே சட்டங்கள், உள்ளே இரட்டைத் தாழ்ப்பாள். ஒவ்வொரு சட்டத்தையும் டிவியில் பெரிதாக்கிப் பார்த்து, அழித்து, மறுபடி வரைந்தாள். முதலாளியிடம் படத்தைக் கொண்டு போனது நான். அவருக்குள்ளும் எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். செய்து தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

எங்கள் பட்டறையில் மாடியிலிருந்து இறங்குகிற தாளில் எண்ணும் அளவும் மட்டும்தான் இருக்கும். யார் வீட்டுக்கு, யார் வரைந்தது என்று அறுக்கிறவனுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டான். அவன் தாளை மெஷினுக்கு மேலே குத்திவைத்துப் பலகையை ஓட்டினான். ஒட்டுமேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிச் சட்டத்தை அறுத்து முடித்துத் தூசியை ஊதிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்:

"யாருப்பா இந்தப் படம் போட்டது? சுத்தமா இருக்கே. ஒரு அளவுகூடத் தப்பல."

"புது ஆளு" என்றேன் நான்.

கதவு பொருத்திய பிறகு வந்த ஞாயிறு காலை, அவன் வந்தான். அதே மரச்சுத்தி. படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா கதவுக்கு ஓடினாள். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். முதல் உதை. நிலையிலிருந்து தூசி உதிர்ந்தது. அடுத்தது தோளால். பிறகு சுத்தி, வாய் கூசும் வசவுகளோடு. நான் இஸ்திரிப் பெட்டியோடு நின்றேன். கதவு அதிர்ந்ததே தவிர அசையவில்லை.

அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது அக்கா கதவருகே போனாள்.

"பலகையைத் தடவிப் பாருங்க. நீங்க அறுத்ததுதான். நான் போட்ட கோட்டுல."

வெளியே பலகையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே தடவிப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். பிறகு அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலே இல்லை. வெறி பிடித்தவன் போல அடித்தான். சுத்தியின் பிடி முறிந்து படியில் உருண்டது. வெறுங்கையை முஷ்டியாக்கிக் குத்தினான். ஏதோ ஒடிகிற சத்தம் கேட்டது, மரம் இல்லை. அவன் அலறினான். அலறிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், பாதி சேலையில் சிந்தியது. கொஞ்சம் பொறுத்து எழுந்து, கதவின் கீழ்க்கீலில் விரலை வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இது லேசா ஆடுதுடி. இன்னும் ஒரு திருகாணி கேக்குது" என்றாள்.

டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, படத்தில் அந்தத் திருகாணியைப் போட்டாள்.