எங்க பாடு போயிடும்

நான் மொழிபெயர்ப்பாளர். அதற்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அது ஒத்துவராமல் போனபிறகு, அண்ணாமலை நகரில் வீட்டிலிருந்தபடியே பத்திரம், சான்றிதழ், ஆய்வறிக்கை என்று எது வந்தாலும் மாற்றிக்கொடுக்கிறேன். அடுத்தவர் மொழிபெயர்ப்பில் பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

சில வருஷங்களுக்கு முன் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஒரு கடற்கரை ஊரில் மணல் குவாரி தொடங்க ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. ஊருக்கும் அலைக்கும் நடுவே இருக்கும் மணல்மேட்டை வெட்டி எடுப்பது திட்டம். அனுமதிக்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மக்கள் பேசுவதை ஒருவர் தமிழில் எழுதுவார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முடிவெடுக்கும் குழுவில் தமிழ் தெரியாதவர்களும் இருந்ததால், அவர்கள் கைக்குப் போவது நான் எழுதுவதுதான்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தொடங்கி அரை மணி நேரத்தில் ஊர் மொத்தமும் எழுந்து வெளியே போய்விட்டது. குவாரி பற்றிய திட்ட அறிக்கையைப் படிக்க அவகாசம் போதவில்லை, கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முடியாது என்றதும் வெளிநடப்பு. உள்ளே யாரும் பேசக்கூடாது என்பது ஊர்ப் பஞ்சாயத்தில் முன்பே எடுத்திருந்த முடிவு. மிஞ்சியது அதிகாரிகள், போலீஸ்காரர்கள், திட்டத்தை ஆதரிக்க வெளியூரிலிருந்து வந்த இருபது முப்பது பேர். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் விற்கிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆதரவாளர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடித்தபின் எழுந்து வந்தார். மைக் எங்கள் மேஜையை ஒட்டி இருந்ததால் எனக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றார்.

"நான் இந்த ஊருதாங்க. நாப்பது வருஷமா கூடை தூக்குறேன். குவாரி வந்துச்சுன்னா எங்க பாடு போயிடும். இத எழுதிக்கங்க."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கையெல்லாம் கறையாகிப்போன என் அம்மா, எங்க பாடு என்னிக்குத் தீருமோ என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். பாடு என்றால் படுகிற பாடு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நாற்பது வருஷம் கூடை சுமந்த ஒரு பெண், குவாரி வந்தால் தன் கஷ்டம் விட்டுப்போகும் என்கிறார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் வெகு அழகாக அமைந்தது. ஆதரவு என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரை எழுதினேன்.

அவர் முகம் கோபமாக இருந்ததைப் பார்த்தேன். குரல்கூட நடுங்கியது. கஷ்டம் தீரப்போவதற்கு எதற்குக் கோபம் என்று ஒரு நொடி தோன்றியது. முகத்தை நம்பி மொழிபெயர்க்க முடியாது, வார்த்தையைத்தான் நம்ப வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கடைசியில் தமிழ்க் குறிப்பை வாசித்துக் காட்டினார்கள். அதில் அவர் சொன்னது சொன்னபடியே இருந்தது, அவரும் தலையாட்டினார். ஆங்கிலத்தைச் சரிபார்க்க அங்கே ஆள் இல்லை. உண்மையான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்துப் போட்டு, முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் நின்றார். கூட மருமகள், சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண். கையில் என் ஆங்கிலக் குறிப்பின் நகல் இருந்தது.

"டீச்சர், இதுல எங்க அத்த குவாரி வரணும்னு சொன்னதா போட்டிருக்கு. அவுங்க அப்படி சொல்லலயாம். நீங்கதான எழுதுனீங்க?" என்றாள் மருமகள்.

நான் எழுதியதைத் தமிழில் சொன்னேன். பாடு என்று அவர் சொன்ன வார்த்தையைக் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டதையும் சொன்னேன். அந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"பாடுன்னா மீனு டீச்சர். வலையில படுறது. இன்னிக்கு பாடு எப்படின்னு கேப்போம், ஜாஸ்தின்னா ஜாஸ்தின்னுவோம். பாடு போச்சுன்னா அப்புறம் எங்களுக்கு என்னா இருக்கு?"

கடல் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்த வார்த்தை என் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. வெட்கம் என்று சொன்னால் குறைவு; ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

மீதியை மருமகள் சொன்னாள். முதலில் வெளியே வந்தது ஆங்கிலப் பிரதி; தமிழ்க் குறிப்பு இன்னும் ஊர் கைக்கு வரவில்லை. துபாயிலிருக்கும் யாரோ அதைப் படித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். ஊர் வெளியே போனபோது இவர் மட்டும் உள்ளே இருந்ததில் ஏற்கெனவே எல்லோருக்கும் கோபம். குவாரி வேண்டாம் என்று சொல்லத்தான் உள்ளே இருந்தேன் என்று இவர் சொன்னதைப் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள். காகிதத்தைப் பார்த்ததும் அந்தப் பாதியும் போய்விட்டது. மீன்காரப் பெண்கள் சேர்ந்து பிடிக்கும் லோடு ஆட்டோவில் இவர் அன்னக்கூடைக்கு இடமில்லை என்றார்கள். பஸ்ஸில் கண்டக்டர் மீனை ஏற்ற மாட்டார். ஒரு மாதமாக மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

அன்றைக்கே திருத்தக் கடிதம் எழுதினேன். ஒற்றை வார்த்தைக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் ஆனது. அவரை எதிர்ப்புப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். சில வாரங்களில் பதில் வந்தது: கடிதம் கோப்பில் இணைக்கப்பட்டு, குழுவின் பார்வைக்கு வைக்கப்படும். குவாரிக்கு அனுமதி இன்றுவரை வரவில்லை, மறுக்கப்படவும் இல்லை. என் கடிதத்தை யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த அம்மாள் கேட்டது கடிதத்தை அல்ல. "நீங்க வந்து ஊர்ல சொல்லணும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏலக் கூடத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களும், ஓரமாகப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொன்னது என்ன, நான் எழுதியது என்ன என்று நின்றபடி சொன்னேன். பாடு என்று வந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர், "சரி, படிச்சவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. இதோட விட்ருவோம். நாளைக்கு ஆட்டோல ஏத்திக்கங்க" என்று பெண்கள் பக்கம் பார்த்துச் சொன்னார். கூட்டம் கலைந்தது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் என்னுடன் நடந்து வந்தார். வெயில் ஏறியிருந்தது. பஸ் வருவது தெரிந்தபிறகுதான் பேசினார்.

"ஒங்க பக்கத்துலதான நின்னேன் டீச்சர். என்னான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"தெரியும்னு நெனச்சேம்மா."

"நானுந்தான்," என்றார். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."