முகாமுக்கு வெளியே பதினான்கு வீடுகள்

ரயில் வருவதைக் காது அறியுமுன் மேசை அறிந்துவிடும். குலவீரசிங்கம் உடனே பேனையைத் தூக்கிவிடுவார். வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தவருக்கு வேறு வழியில்லை. கடைசிப் பெட்டியும் போய், தம்ளரில் தண்ணீர் ஆடுவது நின்ற பிறகுதான் நிப் மறுபடி தாளைத் தொடும். மணிக்கட்டுக்கு அடியில் நாலாக மடித்த துவாய். மின்விசிறி போடமாட்டார், தாள் பறக்குமாம். சாரமும் வெறும் மேலுமாக அவர் குனிந்திருக்கும்போது, மனைவி நேசமலர்கூட வாசலில் நின்றுதான், "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்பாள். அது ஆறித்தான் போகும்.

தொழில் படம் வரைவது. ஓவியமல்ல, அளவு பிசகாத நிலப்படம். எண்பதுகளின் தொடக்கத்தில் மன்னார்ப் பக்கம் தொல்பொருள் தேடி மண் கிண்ட வந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இவருடைய கைச்சுத்தத்தைக் கண்டு சொக்கிப்போனார். இந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் அந்த மனுஷர் இங்கிலாந்தின் வடக்கே, குளிரில், ரோமானியர்களின் எல்லைக் கோட்டை ஒன்றைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய பென்சில் படங்கள் பதிவுத் தபாலில் வரும். இவர் மையில் வரைந்து திருப்பி அனுப்புவார். அங்கே ஆள் பிடித்தால் கட்டாதாம், இங்கே மலிவாம். நல்ல மரியாதை!

கோட்டை இவருக்கு இரண்டு நாள் வேலை. "ஆமிக்காரன் எந்தக் காலத்திலையும் ஒரே மாதிரித்தான் கட்டுவான். நாலு வாசல், ஒரு அகழி, வரிசையாய் படுக்கைக் கொட்டில். அதிலை என்ன இருக்கு?" என்பார். இவர் உயிரை விடுவது கோட்டை வாசலுக்கு வெளியே, தெருவின் இரு பக்கமும் இருந்த பதினான்கு வீடுகளுக்கு. சுவர் எதுவும் மிஞ்சவில்லை. தூண் நட்ட குழி, அடுப்புக் கரி, உடைந்த சட்டி, தூர்ந்த கிணறு, அவ்வளவுதான். அகழிச் சேற்றில் தோல் சப்பாத்துகள் உக்காமல் கிடந்தனவாம். ஒன்று இவருடைய நடுவிரல் நீளம்தான்.

"சப்பாத்துக் கிடந்தால் பிள்ளை இருந்திருக்கு. பிள்ளை இருந்தால் தாயும் இருந்திருக்கிறா. அப்ப அது ஊர். ஆமியின்ரை இடமில்லை, சனத்தின்ரை ஊர்" என்று வீட்டுச் சொந்தக்காரர் பலீல் ஹாஜியாரை மறித்து வைத்து விளக்குவார். ஹாஜியாருக்குச் சிரிப்பு வரும். "ரெண்டாயிரம் வருஷம் செருப்பு கெடந்திச்சா மாஸ்டர்? எங்கட பள்ளியில கழட்டி வெச்சா, தொழுதிட்டு வாறதுக்குள்ள காணாமப் போகுது!"

ஒரு கோணல் பழக்கம் மட்டும் இவரிடம் உண்டு. பேராசிரியர் வீடுகளுக்கு ஒன்று முதல் பதினான்கு வரை இலக்கம் போட்டிருந்தார். இவருக்கு இலக்கம் மண்டையில் நிற்காது. அதனால் தன் வேலைப் பிரதியில் பென்சிலால் பெயர் எழுதி வைத்துக்கொண்டார். வாசலுக்கு நேரே கூட்டுறவுச் சங்கக்கடை. அடுத்தது தபால்காரர் செல்லையா வீடு. பிறகு நாகேசக்கா, கொல்லர் பொன்னையா, இரட்டைப் பிள்ளைக்காரி. கிணறுள்ள வீடு இவருடையது. எல்லாம் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில், இராணுவ முகாம் வேலியோரத் தெருவில் இருந்த வீடுகள். தொண்ணூறில் சண்டை மூள, உடுத்த உடுப்போடு ஓடிய சனம். அதற்குப் பிறகு ஒருவரையும் அந்தப் பக்கம் விடவில்லை. எந்தக் கூரை நிற்கிறது, எது தரைமட்டம் என்று சொல்ல ஆளில்லை.

"உந்தப் பேருகளை ஏன் எழுதுறியள்? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்று நேசமலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆர் வந்து பாக்கப் போகினம்? சும்மா இரும்."

வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பொலிஸார் குடும்பப் பதிவைச் சரிபார்க்க வந்தார்கள். பதிவு சரி. அடையாள அட்டை சரி. பிறகு மேசையைப் பார்த்தார்கள். அகழி, வாசல், படையினர் தங்குமிடம், எல்லாவற்றுக்கும் மீற்றர் கணக்கில் அளவு! தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். புலிகளுக்கு முகாம் படம் கீறிய யாழ்ப்பாணத்தான் என்று படத்தோடு பிடித்துக்கொண்டு போக வேறென்ன வேண்டும்?

ஹாஜியார் தொலைபேசிக் கடைக்கு ஓடி, இங்கிலாந்தைப் பிடித்து, பேராசிரியரின் கடிதத்தை ஃபாக்ஸில் எடுக்க இரண்டு நாள் பிடித்தது. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் படித்தார். கெட்ட மனிதர் அல்ல, களைத்த மனிதர். அவர் சிங்களத்தில் கேட்கக் கேட்கக் கான்ஸ்டபிள் தமிழில் சொன்னான்.

"சரி, இது ரோமன் கோட்டைதான். இந்தப் பேருகள் என்ன?"

"என்ரை ஊர்ச் சனம்."

"ஊர் எங்க?"

"மயிலிட்டி."

"முகாமுக்குப் பக்கமா?"

இங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். பாவி மனுஷனுக்கு அளவு பிசகினால் ஆகாதே! "முகாம்தான் எங்கடை ஊருக்குப் பக்கம். நாங்கள் அதுக்கு முந்தியே இருந்தனாங்கள்" என்றார்.

பெயர்கள் நிஜமென்றால் படமும் நிஜ முகாமின் படமாகிவிடும். இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் சிங்களத்தில் எழுதினார். பெயர்கள் யாவும் கற்பனை. அப்படிப்பட்ட ஆட்களோ வீடுகளோ எந்த முகாமுக்கு அருகிலும் கிடையாது. கையெழுத்து வைத்து, படத்திலுள்ள பெயர்களையும் தன் கையாலேயே அழித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் நாளைக்கு மேலிடத்துக்கு. மேலிடத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

"ஹாஜியார், இதுகள் இருந்த சனம்" என்றார், ஃபாக்ஸோடு வந்து பக்கத்தில் நின்றவரிடம்.

"இருந்தாங்கதான். நான் இல்லெண்டு சொல்லல்ல மாஸ்டர். நேசமலர் தங்கச்சி ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்காம வெளிய நிக்கிறா. ஒப்பத்த வெச்சிட்டு வாங்கொ, ஊட்டுக்குப் போவோம்."

எங்கோ ஒரு குளிர்தேசத்தில், பெயர் தெரியாத பிள்ளை ஒன்று இருந்ததற்கு ஒரு சப்பாத்து சாட்சி சொல்கிறது. மயிலிட்டித் தெருவுக்கு அந்த அறையில் சாட்சி இவர் ஒருவர்தான். கையெழுத்து வைத்தார்.

இறப்பர் ஒன்றைக் கொடுத்தார்கள். தாள் கசங்காமல், கோடு சிதையாமல், தொழில்காரனின் கவனத்தோடு அழித்தார். சங்கக்கடை போயிற்று. செல்லையா போனார், நாகேசக்கா போனாள், பொன்னையா போனார், இரட்டைப் பிள்ளைக்காரி போனாள். மிச்ச வீடுகளும் போயின. கிணற்றுக்குப் பக்கத்தில் கை சற்று நின்றது. பிறகு அதையும் அழித்தார். கான்ஸ்டபிள் மேசையில் கிடந்த தூளைத் தட்டிவிடக் கையை நீட்டினான்.

"பொறு தம்பி" என்று குலவீரசிங்கம் இரண்டு கையாலும் அணைகட்டினார். ஃபாக்ஸ் தாளின் ஓரத்தைக் கிழித்து, கறுத்த தூளை ஒரு பொட்டும் விடாமல் விரல்நுனியால் அதில் ஒதுக்கினார். கோயிலில் விபூதி மடிப்பதுபோல மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.