புள்ளி விழாத ஏல இலை

1976 ஜனவரியில் ஏல இலை பறிப்பதற்காகக் கம்பத்துக்கு மேலே மலையிலுள்ள வண்டன்மேடு போனேன். அப்போது பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலிருந்து தினமும் கோயம்புத்தூர் போய் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ஏலச்செடியைக் கெடுக்கும் கட்டே நோய்க் கிருமியின் புரதத்தை இலைச் செல்லுக்குள்ளேயே படம் பிடிக்க முயன்றுகொண்டிருந்தோம். அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் பொருளோடு, இரும்பு அடங்கிய வேறொரு புரதத்தை இணைத்துவிடுவோம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்த இரும்பு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஒரே ஒரு மூலக்கூறு. சொன்னபோது எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை.

பாலக்காட்டில் காலை 5.15க்குப் பேருந்து. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், தேனி என்று மாறி மாறி ஏறி மாலை நாலரைக்குக் கம்பம் சேர்ந்தேன். சுமார் 280 கிலோமீட்டர், 16 ரூபாய் 40 பைசா, முதுகுவலி இலவசம். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிளாஸ்க்கில் ஐஸ் நிரப்பி, மருந்துக் குப்பிகளை உள்ளே வைத்துக்கொண்டு ஜீப் ஏறினேன். கட்டணம் இரண்டு ரூபாய்.

"பிளாஸ்க்குல காப்பியா டீச்சர்? ஒரு வாய் ஊத்துங்களேன்" என்றார் ஓட்டுநர்.

"இலை அழுகாம இருக்கற மருந்துங்க. குடிச்சா நீங்களும் அழுக மாட்டீங்க."

மனிதர் பிளாஸ்க்கை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

தோட்டக்காரர் பேச்சியம்மாள். அவருடைய கீழ்த் தோட்டத்தில் கட்டே வந்திருந்தது. மேல் தோட்டத்துக்கும் ஏறியிருந்தால் அத்தனையையும் பிடுங்கி எரிக்க வேண்டும். புதுச்செடி காய்க்க மூன்று வருடம் ஆகும். அதுவரை சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் அவர் கவலை. எனக்காக முறம் நிறைய இலை பறித்து வைத்திருந்தார். கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் வேறு தடவி, எல்லாம் பளபளவென்று இருந்தன.

"ஏனுங்க, இதென்னங்க எண்ணெய்?"

"போட்டோ புடிக்கணும்னு லெட்டர் போட்டீங்கல்ல? அதான் களையான இலையாப் பாத்து எடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதைவிடச் சிரிப்பு வந்தது. எண்ணெய் பட்ட இலை உதவாது. கீழே போய், நோயால் வெளிர்க் கோடு விழுந்த இலைகளைப் பறித்தேன். ஆனால் முறத்திலிருந்த அழகு இலைகள் மேல் தோட்டத்தவை என்று அவர் சொன்னதும்தான் எனக்கே உறைத்தது: நல்லதாகத் தெரிவதையும் பார்த்தால்தானே அவருடைய கவலைக்குப் பதில் கிடைக்கும்! மேலேயும் பத்துச் செடிகளில் புதிதாகப் பறித்து, நறுக்கிக் குப்பிகளில் போட்டேன்.

இப்போது போகிறவர்கள் கம்பத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். மேலே குளிரும், சால்வை வேண்டும். இலை கேட்டுக் கடிதம் எழுதுவதானால், நோய்ப்பட்டதும் வேண்டும், எண்ணெய் வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள்.

அடுத்த மாதம் படங்களோடு நானே போனேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கீழ்த் தோட்டத்துப் படத்தில் கடுகு கொட்டியதுபோலப் புள்ளிகள். மேல் தோட்டத்துப் பத்துப் படங்களையும் பேச்சியம்மாள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே தாயி?"

"ஒண்ணுமே இல்லீங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லைன்னு சொல்லவா இம்புட்டு தூரம் வந்தே? உக்காரு, உலை வைக்கிறேன்."