வெடிச் சத்தமும் ஒரு இன்டர்ன்ஷிப்பும்

போன வாரம், ஒரு ஹாலில் மனுஷர்கள் யாரும் இல்லாமல் மெஷின்கள் மட்டும் தன்னால் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பயப்படாதீர்கள், பேய்க்கதை இல்லை. சிவகாசிப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். ரோபாட்டிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு சந்திப்பு. ஆளுக்கொரு மேஜை, அதன் மேல் அவரவர் செய்த ரோபோ. கம்பெனிக்காரர்கள் சுற்றி வந்து பேசுவார்கள். பிடித்துப்போனால் இன்டர்ன்ஷிப். பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வாயாடியை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்?

"கண்ணைப் பார்த்துப் பேசு. நடுவில் போனைத் தொடாதே. எது நடந்தாலும் பேச்சைப் பாதியில் விடாதே" — இதைத்தான் திரும்பத் திரும்ப ஓதினேன்.

அதில் செல்வி என் செல்லம். தாயில்பட்டிப் பெண். அம்மாவுக்கு அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து அறையில் வேலை. மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற ரசாயனக் கலவை. செல்வி செய்திருந்தது ஒரு குட்டி வண்டி. மருந்தைக் கலக்கும் அறையிலிருந்து அடைக்கும் அறைக்கு அதுவே தட்டோடு சுமந்துபோகும். தட்டை யாராவது எடுக்கும்வரை கீச் கீச்சென்று கூப்பிடும். அன்றைக்கு மருந்துக்குப் பதில் கோலப்பொடி.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் மேனேஜர் அவள் மேஜையை விட்டு நகரவே இல்லை. தங்கமான மனிதர். இந்த இன்டர்ன்ஷிப் கிடைத்தால் பின்னாடியே வேலையும் கிடைக்கும். வேலை கிடைத்த மறுநாளே அம்மாவை மருந்து அறைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட வேண்டும். செல்வியின் கணக்கு இதுதான். எனக்கும் அது தெரியும் என்பதால் அவளைவிட எனக்குத்தான் கை வேர்த்தது.

"மேட்டுல ஏறுனாலும் தட்டு ஆடாது சார். ஏன்னா இந்த சென்சார்..."

டொம்.

தூரத்தில்தான். ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.

செல்வியின் பேச்சு அப்படியே நின்றது. அவளுடையது மட்டுமா? ஹால் முழுக்க. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. அத்தனை தலைகளும் ஒரே திசையில் திரும்பின. பிறகு எல்லாரும் வெளியே நடந்தார்கள்... பிள்ளைகள், வாத்தியார்கள், டீ கொண்டுவந்த அம்மா உட்பட.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கறாங்களாங்க?" என்றார் மேனேஜர், சிரித்தபடி.

நான் விருதுநகர் டவுன்காரி. எங்கள் வீட்டில் யாரும் பட்டாசு வேலைக்குப் போனதில்லை. ஆனாலும் அது டெஸ்ட் சத்தம் இல்லை என்பது தெரியும். இல்லையென்று நான் தலையாட்டியதும், அவரும் மற்ற கம்பெனிக்காரர்களும் பிள்ளைகள் பின்னாலேயே வெளியே போனார்கள்.

காலியான ஹாலில் ரோபோக்கள் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. எதிர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கை, ஆளில்லாத நாற்காலிக்கு சல்யூட் வைத்தது. மறுபடி வைத்தது. செல்வியின் வண்டி கோலப்பொடியோடு போனது, வந்தது, அவள் நின்றிருந்த இடத்துக்கு நேரே நின்று கூப்பிட ஆரம்பித்தது. கீச்... கீச்... அதை நிறுத்தித் தொலைக்கலாம் என்று கையை நீட்டினேன். தொட முடியவில்லை. பயம்தான், வேறென்ன?

வெளியே வராந்தாவில் சுவரோரமாக எல்லாரும் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு போன், காதில். பேச்சு மட்டும் இல்லை.

"ரிங் போகுதா செல்வி?"

"போகுது மேடம். ரிங் போறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. போனெல்லாம் கேட்டுல வாட்ச்மேன்ட்ட இருக்கும். உள்ள கொண்டுபோக விடமாட்டாக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கோ ஒரு கேட்டில், எடுக்க ஆளில்லாமல் அத்தனை போன்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருக்கும்...

கடைசியில் அவள் போன் அடித்தது. அம்மா! அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"எங்களுது இல்லத்தா. அங்கிட்டு வேற கம்பெனி. ரூம்ல ஆளு இல்லையாம், சாப்பிடப் போயிட்டாகளாம். எங்களயும் வெளிய அனுப்பிட்டாக. நீ இன்டர்வியூவ விட்டுட்டு இங்கன எதுக்கு போன் அடிச்சிட்டு இருக்க? போ, போய்ப் பேசு!"

செல்வி முகத்தைத் துடைத்தாள். மேனேஜரோடு உள்ளே போனாள். தட்டை எடுத்து வண்டியை அமைதியாக்கினாள்.

"சாரி சார். சென்சார் எதுக்குன்னா..."

விட்ட இடத்திலிருந்து! ஒவ்வொருவராக எல்லாரும் அப்படியே திரும்பி வந்தார்கள். சிரித்தார்கள், கண்ணைப் பார்த்துப் பேசினார்கள். டீ கூட ஆறியிருக்காது. சத்தம் கேட்டபோது பயந்ததைவிட, இதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் சிலிர்த்தது. இந்த வயதில் இத்தனை பழக்கமா?

மேனேஜர் இப்போது சிரிக்கவில்லை. அவள் முடிக்கும்வரை கேட்டார். "ஜூன்ல வந்துருங்க அம்மணி. ஆறு மாசம். ஹாஸ்டல் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. செல்வியோ தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? அவர் என்ன நினைப்பார்?"

"போறேன் மேடம். போகாம இருப்பேனா..." என்று சொல்லிவிட்டு, சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோயம்புத்தூர்ல இருந்தா இந்தச் சத்தம் கேக்காதுல்ல?"

"அதுதானே நல்லது!" என்றேன் நான், மேதாவி.

"கேட்டாத்தான மேடம் அம்மாவுக்கு போன் பண்ணிப் பாக்க முடியும்?"